பேப்பர் வாங்கப் போன நேரம்

"இந்தக் குப்பையை முதல்ல தூக்கி வெளிய போடுடா!"

பெரியவள் போட்ட சத்தத்தில், வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த ஆள் ஒன்றைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான்.

அவள் குப்பை என்றது அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த பேப்பர் கட்டுகளை. ஒன்றா இரண்டா, பதினோரு கட்டு. வருஷத்துக்கு ஒன்று. தினசரிப் பேப்பரின் கடைசிக்கு முந்தின பக்கத்தை மட்டும் கிழித்து, அடுக்கி, சணலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குறுக்கெழுத்துக் கட்டம், கட்டத்துக்குள் அவருடைய குண்டு குண்டான எழுத்து. கட்டிலை நகர்த்தினால்தான் கூடத்தில் அவரைக் கிடத்த இடம் வரும். கட்டுகளை எடுத்தால்தான் கட்டில் நகரும். ஆஸ்பத்திரி வண்டி அரைமணியில் வந்துவிடும். செத்த பிறகும் மனுஷர் வழியை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அக்கா, மெதுவா," என்றான் தம்பி. "ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"செத்தவரோட சண்டை போடாதக்கா."

"உயிரோட இருந்தப்ப போட விட்டாரா? வாயத் தொறந்தாதானே சண்டை போட முடியும்?"

கட்டு ஒன்றைக் காலால் தள்ளினாள். கயிறு அறுந்து, நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலம் முழுக்கத் தரையில் பரவியது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அறை வாசலில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

வெறும் குறுக்கெழுத்து என்றால்கூடப் பெரியவள் மன்னித்திருப்பாள். நாட்டின் தலைநகரம் எது, நீளமான நதி எது என்று நேராகக் கேட்கும், தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் பேசாமல் போகலாம். இது வேறு ரகம். இங்கே குறிப்பு நேராகப் பேசவே பேசாது. 'தலையை இழந்த தவளை கையில் ஏறும்' என்று இருக்கும். தவளை என்று எழுதி முதல் எழுத்தை வெட்டினால் வளை. வளை கையில் ஏறும். இவ்வளவுதான் சமாசாரம். இதைக் கண்டுபிடித்துவிட்டு, மலையைப் புரட்டிப் போட்டவர் மாதிரி பேனாவை மூடுவார்.

அந்தத் தவளையை அவளுக்கு ஒன்பது வயதில் கொடுத்தார். விடை சொல்லவில்லை. "எல்லாம் அதுலயே இருக்கு. நல்லா பாரு," என்றார். அவள் நான்கு நாள் பார்த்தாள். கையில் தவளை உட்கார்ந்திருக்கிற மாதிரி படம் வரைந்து காட்டினாள். சிரித்தார், சொல்லவில்லை. அழுதாள், சொல்லவில்லை. அம்மா, அப்போது இருந்தாள், "குழந்தை உயிரை ஏன் வாங்கறீங்க, சொல்லித் தொலைங்களேன்" என்று கரண்டியோடு வந்து நின்ற பிறகும் சொல்லவில்லை. விடை சொல்லிவிட்டால் அது திருட்டு என்று ஒரு சட்டம் வைத்திருந்தார் மனுஷர்.

தவளையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படிப்பா இந்த ஆளு?" என்று கேட்டாள். "நல்லா பாரு. உனக்கே தெரியும்," என்றார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல சட்டை போட்டிருந்தான், அதுதான் தெரிந்தது. நாலு வருஷம் கழித்து இரண்டு பெட்டியோடு இதே வாசலில் வந்து இறங்கினபோது, பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் கல்லுளிமங்கன்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. தெரியும் என்றால் சொல்வதற்கு என்ன? பெற்ற பெண் கிணற்றை நோக்கி நடக்கும்போதுமா குறிப்பு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்?

அவள் பிழைப்பே நேராகச் சொல்வது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பிரேக் என்றால் பிரேக், இடது என்றால் இடது. 'நல்லா பாரு, எல்லாம் ரோட்டுலயே இருக்கு' என்று பழகுகிறவனிடம் சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி கம்பத்தில் ஏறிவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெளியாளுக்கு அவர் விளக்கம் சொல்வார். லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதுதான் வேலை. குறுக்கெழுத்துக்காரர்கள் முந்நூறு பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். காலை பத்து மணி வரைக்கும் ஒருவரும் விடையைச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. பத்து அடித்ததும் இவர் விளக்கம் போடுவார். ஒவ்வொரு குறிப்புக்கும் எந்த எழுத்து எங்கிருந்து வந்தது, எது போனது, ஏன் போனது என்று ஆதியோடந்தமாக. ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தாள். கடைசி வரியில், 'புரியலைன்னா கூச்சப்படாம திரும்பக் கேளுங்க' என்று எழுதியிருந்தார். போனை அப்படியே தண்ணீர் வாளியில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

அந்தப் போன்தான் இப்போது அவள் கையில் கிடந்து அடித்தது. யாரோ ஒரு ஆண் குரல்.

"சார், மன்னிக்கணும், மணி பத்தரை ஆச்சு, இன்னும் விளக்கம் வரலையே. பதினாலு குறுக்கு மட்டும் எனக்கு..."

"சார் செத்துட்டார்."

"ஐயோ. எப்பம்மா?"

"காலைல."

"ஐயோ... ஐயோ பாவமே. என்ன சொல்றதுன்னே தெரியலம்மா." அந்த ஆள், நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டே, கேட்டான்: "அப்ப இன்னிக்கு விளக்கம் வராதுங்களா?"

"வரும். அவரே கொண்டாந்து தருவார், வாசல்ல நில்லுங்க," என்று சொல்லி வைத்தாள்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனான்.

ஆனால் அந்த ஆள் மேலெல்லாம் அவளுக்குக் கோபம் இல்லை. அவன் யார், எவனோ. அவள் கோபம் அந்தப் போன் திரையில் இன்னமும் மேலேயே நின்ற ஒரு பெயர்மேல். பல்செட்டம்மா. காலை ஆறு இருபத்திரண்டுக்குப் பேச ஆரம்பித்து, ஆறு நாற்பத்தொன்று வரை. பத்தொன்பது நிமிஷம்.

இதற்கு ஆரம்பம் நேற்றுச் சாயங்காலம். ஆஸ்பத்திரியில் நாலாவது நாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் கொஞ்சம் பலவீனம், பார்ப்போம் என்று வழக்கம்போல் வழவழத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். திடீரென்று, "காலைல உங்கிட்ட ஒண்ணு பேசணும்," என்றார்.

அவள் வாழ்க்கையில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

"இப்பவே சொல்லேன்பா."

"காலைல."

அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் ஏது? கல்யாணத்தைப் பற்றியா, அந்த வாக்கியத்தைப் பற்றியா, அம்மா செத்துப்போன வருஷம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மாடியில் உட்கார்ந்திருந்தாரே, அதைப் பற்றியா? எதுவானாலும் சரி. அவர் வாயிலிருந்து வந்தால் போதும். விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, அவர் தலையணையை நிமிர்த்தி வைத்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், பரீட்சைக்கு வந்தவள் மாதிரி. "சொல்லுப்பா."

அவர் ஜன்னலைப் பார்த்தார். போர்வை நுனியைத் திருகினார். பிறகு, "போய் பேப்பர் வாங்கிட்டு வா," என்றார்.

பேப்பர்.

எழுந்து போனாள். கடை இன்னும் திறக்கவில்லை, திறக்கிற வரைக்கும் காத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் போய்விட்டார் என்றுதான் தம்பியிடம் சொன்னாள், அத்தையிடம் சொன்னாள், காலையிலிருந்து வந்த எல்லோரிடமும் அதையே சொன்னாள். கடை திறந்திருந்தது. பேப்பர் வாங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாங்கிக்கொண்டு நேராகத் தன் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். முப்பத்தைந்து வருஷம் நான் காத்திருக்கவில்லையா, ஒரு அரைமணி அவர் காத்திருக்கட்டுமே, அவர் உயிராக நினைக்கிற பேப்பர் என் மடியில்தானே இருக்கிறது. ஏழு மணிக்கு வார்டுக்குத் திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் ஆச்சும்மா என்றாள் நர்ஸ்.

பேசணும் என்று சொன்னது என்னிடம். பேசினது அவளிடம். அந்தப் பொம்பளை மட்டும் இந்த வாசலில் கால் வைக்கட்டும், அவர் என்ன சொன்னார் என்று வாயைப் பிடுங்காமல் விடுவதில்லை என்று பெரியவள் காலையிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள்.

பல்செட்டம்மாவை யாரும் பார்த்ததில்லை. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவள் என்பது மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷமாகத் தினம் காலை ஆறு மணிக்கு அவள் போன் வரும், அல்லது இவர் போடுவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு பேரும் கட்டம் நிரப்புவார்கள். கதவுக்கு வெளியே கேட்கிற அப்பாவின் குரலில் சிரிப்புக்கூட இருக்கும். "இல்ல இல்ல, திரும்பப் படிங்க," என்பார், "அதேதான், பிடிச்சிட்டீங்க," என்பார். பெரியவள் காபியை ஆற விட்டுக்கொண்டு வெளியே நிற்பாள்.

ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். மூன்று மணிக்கு எடுப்பது என்று தம்பி எல்லோருக்கும் சொல்லி, அப்பாவின் குறுக்கெழுத்துக் குழுவிலும் விலாசத்தோடு போட்டுவிட்டான். அவருடன் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் நாலு பேர் வந்து, கைகட்டி நின்று, எந்த மோட்டாராக இருந்தாலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவார் என்று மெல்லப் பேசிக்கொண்டார்கள். கோளாறை வாய்விட்டுச் சொல்வாராமா என்று பெரியவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். அத்தை வருகிறவர்களிடமெல்லாம், "பேப்பர் கேட்டாராம், இவ வாங்கப் போன நேரத்துல போயிட்டார், கடைக்காரன் நேரத்துக்குத் தொறக்கல," என்று சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அந்தக் கடைக்காரனைத் திட்டினார்கள்.

ஒரு மணி இருக்கும். கட்டையான ஒரு பெண்மணி படியேறி வந்து, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் விழித்தாள். அறுபது வயது இருக்கும். மூக்கில் கண்ணாடி அழுத்தின தழும்பு, நகக்கண்ணில் கழுவினாலும் போகாத வெள்ளை மாவு. கூடத்துக்குள் வந்து அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். முன்பின் பார்க்காத ஒருவரைப் பார்க்கிற பார்வை அது. பிறகு சுற்றிலும் பார்த்து, தம்பியிடம் தயங்கித் தயங்கி, "நீங்க... சாருக்கு யாருங்க?" என்று கேட்டாள்.

குரலைக் கேட்டதும் பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்று பதினோரு வருஷம் கேட்ட குரல்.

"நீங்க வாங்க இப்படி," என்றாள்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் அவர் பொண்ணு. காலைல ஆறு இருபத்திரண்டுலேர்ந்து ஆறு நாப்பத்தொண்ணு வரைக்கும் எங்கப்பா உங்ககிட்ட பேசியிருக்கார். என்ன பேசினார்?"

"கட்டம்தாம்மா."

"பத்தொம்பது நிமிஷமா?"

"தினம் அவ்ளோ நேரம் ஆகும்."

"சாகப் போற மனுஷன், கைல ஊசி குத்தி வெச்சிருக்கு, கட்டம் போட்டார்னு சொல்றீங்க. நான் நம்பணும்."

பல்செட்டம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். "அவர் சொல்ற விளக்கத்தையெல்லாம் அப்பப்ப எழுதிக்குவேன். எனக்குச் சட்டுன்னு ஏறாது. இன்னிக்கு எழுதினதும் இருக்கு, வேணும்னா படிக்கறேன்."

"படிங்க."

"பத்து குறிப்புக்கு மேல சேந்தே போட்டுட்டோம். கடைசியா நான் மாட்டிக்கிட்டது பதினாறு நெடுக்கு. 'பல்லில் கடைசி விழுந்தது, சுவரில் ஊர்கிறது.' மூணு எழுத்து." அவள் விரலை வைத்துக்கொண்டு படித்தாள். "நான் பல் வேலைக்காரியாச்சே, அங்கயே சுத்திக்கிட்டு இருந்தேன். கடைவாய்ப்பல்லா, ஞானப்பல்லா, எது கடைசியா விழும்னு. அவர் சிரிச்சார். 'நீங்க பல்லையே பாக்கறீங்க, எழுத்தப் பாருங்க. பல்லில்னு எழுதுங்க. கடைசி எழுத்து விழுந்துடுச்சு. என்ன மிச்சம்?'னார். பல்லி."

பெரியவள் அவளையே பார்த்தாள்.

"பல்லியா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா கடைசியா பேசினது பல்லியப் பத்தியா?" குரல் கூடம் வரைக்கும் போயிருக்க வேண்டும், அங்கே பேச்சு நின்றது. "என்னை முக்காலில உக்கார வெச்சிட்டு, ராத்திரி பூரா தூங்க விடாம பண்ணிட்டு, உங்களுக்குப் பல்லி எப்படி வந்துதுன்னு விளக்கம் சொன்னாரா? முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்கு ஒரே ஒரு விளக்கம் சொன்னாராம்மா அவர்? ஒண்ணே ஒண்ணு? அப்படி என்ன உங்ககிட்ட அவருக்கு? யார் நீங்க?"

"யாரும் இல்லம்மா," என்றாள் பல்செட்டம்மா. அதில் ரோஷமும் இல்லை, சமாதானமும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். "அவருக்கு எத்தன பிள்ளைங்கன்னுகூட இங்க வந்துதான் தெரியும். லிஃப்ட் வேலைன்னு இப்ப கூடத்துல பேசிக்கிட்டாங்க, அப்பதான் கேட்டேன். ஆஸ்பத்திரில இருந்தார்னு தெரியாது. பின்னாடி ஏதோ சத்தம் வந்துக்கிட்டே இருந்துது, வீட்டுல மிக்சி ஓடுதுன்னு நெனச்சேன். கட்டத்தைத் தவிர வேற எதுவும் பேசறதில்லன்னு மொத நாளே சொல்லிட்டார். எனக்கும் அது நல்லதாத்தான் இருந்துது. வீட்டுக்காரர் போயி அப்ப ஒரு மாசம். எல்லாரும் அதையே கேப்பாங்க. இவர் ஒருத்தர்தான் கேக்கல."

அடுப்பு மேடையில் யாரோ வைத்துவிட்டுப் போன டீத் தம்ளர்கள் வரிசையாக இருந்தன. கதவு லேசாகத் திறந்து அத்தையின் தலை தெரிந்து, மறைந்தது.

"பேப்பரே இல்லாமதானே இவ்ளோவும் போட்டார்," என்றாள் பெரியவள். சத்தம் குறைந்திருந்தது, கோபம் குறையவில்லை. "நீங்க படிக்க அவர் சொல்ல. அப்படித்தானே? அப்ப என்னை எதுக்கு பேப்பர் வாங்க அனுப்பணும்?"

பல்செட்டம்மா நோட்டை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"அதான் சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். அது கட்டத்துல சேராது, அதனால எழுதிக்கல. ஆனா அப்படியே ஞாபகம் இருக்கு." நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "பல்லி முடிஞ்சுது. சிரிச்சோம். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சோன்னு பாத்தேன். 'பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லணும்'னார். 'எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அவ வந்து எதிர்ல உக்காந்துட்டா. பயமாயிடுச்சு. பேப்பர் வாங்க அனுப்பிட்டேன்'னார்."

"என்ன சொல்லணும்னு?"

"தெரியலம்மா."

"நீங்க கேக்கலையா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?" பெரியவளின் கை மேடையில் அடித்தது, ஒரு தம்ளர் கவிழ்ந்து உருண்டது. "ஒரு மனுஷன் பயமா இருக்குன்னு சொல்றார். என்னன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? ஒரே ஒரு வார்த்தை!"

"கேட்டிருக்கணும்," என்றாள் அந்த அம்மாள். "பதினோரு வருஷத்துல கட்டத்துக்கு வெளிய அவர் பேசினது அதுதான் மொத தடவ. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 'சரி சார், அடுத்தது பத்தொம்பது குறுக்கு'ன்னுட்டேன். அவரும் 'படிங்க'ன்னார். நாலு வார்த்தை படிச்சிருப்பேன். 'இருங்க, வந்துட்டா, செருப்புச் சத்தம் கேக்குது, வெக்கறேன்'னு வெச்சுட்டார்."

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"குரல் சந்தோஷமா இருந்துதும்மா அப்ப," என்றாள் பல்செட்டம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "காலைலேர்ந்து அந்த ஒண்ண நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டு வந்தேன். நான் கேக்காட்டி என்ன, பொண்ணு வந்துட்டாளே, அவகிட்டயே சொல்லியிருப்பார்னு. சொல்லிட்டாராம்மா?"

ஆறு நாற்பத்தொன்று. அந்த நேரத்தில் வார்டில் யாரோ துடைப்பத்தோடு நடந்திருப்பார்கள். நர்ஸ் போயிருப்பாள். யாருடைய செருப்போ.

பெரியவள் திரும்பிக்கொண்டு குழாயை மூடினாள். பிறகு திறந்தாள். தம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து, அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

அவள் குடிக்கிற வரைக்கும் நின்றாள். தம்ளரைத் திரும்ப வாங்கி வைத்தாள். பல்செட்டம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. பிறருடைய வீட்டு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கதவைத் திறந்தபோது அத்தை நகர்ந்து நின்றாள். "என்னடி சொன்னாராம்? உன்னப் பத்தி ஏதாவது சொன்னாராமா?" என்றாள். பெரியவள் பதில் சொல்லாமல் தாண்டிப் போனாள். இத்தனை நாள் இந்த வீட்டில் பேசாமல் தாண்டிப் போகிற ஆள் வேறு ஒருவர்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆட்கள் இறங்கினார்கள். வாசலில் ஒரு கிழவர், யாரோ, தம்பியின் தோளில் கைபோட்டு, "அந்தக் கடைக்காரனச் சொல்லணும்ப்பா, ஆஸ்பத்திரி வாசல்ல கடைய வெச்சிக்கிட்டு ஏழு மணி வரைக்கும் என்ன தூக்கம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"கடை தொறந்துதான் இருந்துது," என்றாள் பெரியவள்.

"என்னக்கா?"

"கடைக்காரன் ஒண்ணும் பண்ணல. ஆறு மணிக்கெல்லாம் தொறந்துட்டான். நான் பேப்பர் வாங்கிட்டு கார்ல போய் உக்காந்துக்கிட்டேன். அவர் காத்துக்கிட்டு இருக்கட்டும்னு."

கிழவர் கையை எடுத்துக்கொண்டார். அத்தை, "ஐயோ, என்னடி சொல்ற," என்றாள்.

"எவ்ளோ நேரம்?" என்றான் தம்பி.

"ஏழு மணி வரைக்கும்."

அவன் அவளைப் பார்த்தபடி நின்றான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அதற்குள் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டுநர் கேட்டார்: "பின்னாடி ஒருத்தர்தான் உக்கார முடியும். யாரு வர்றீங்க?"

அது மகன் இடம் என்று எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"அக்கா உக்காருவா," என்றான் தம்பி. அவளைப் பார்க்காமல் சொன்னான்.

ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே அப்பாவும் அவளும் மட்டும்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓட்டுநரின் முதுகு. வண்டி தெரு முனையில் திரும்பியது. இரண்டாவது கியரில் போக வேண்டிய திருப்பத்தை அந்த ஆள் மூன்றாவதில் எடுத்தான், எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது. போர்வை கால்மாட்டில் விலகிவிட்டது.

இழுத்து விடுவதற்காகக் குனிந்தாள். வலது கால் பெருவிரல் நகம் ரொம்பவும் வளர்ந்து, ஓரத்தில் சதைக்குள் திரும்பி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாலு நாளில் வளர்ந்த நகம் இல்லை. குனிய முடியாமல் போய் எத்தனை மாசம் ஆயிற்றோ. இதோடுதான் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார். இதோடுதான் செருப்பு மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்தாள். அவர் மூச்சு விடவில்லை.

"நகம் வெட்டி விடுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று கத்தினாள். "அதுக்குமா நேரம் காலம் பாக்கணும்? வாய் தொறந்தா முத்து உதிந்துடுமா?"

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, பாதி திரும்பினார். "என்னம்மா? என்னையா?"

"உங்கள இல்ல," என்றாள். "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

வண்டி மறுபடி வேகம் பிடித்தது. பெரியவள் போர்வையை இழுத்து விடவில்லை. அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் பெருவிரல் எதிலும் இடித்துவிடாமல் உள்ளங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே போனாள்.